பின்னால் போகாத பஸ்

கோல்கீப்பராக இருந்தவன் நான். ஆட்டத்தை எப்போதும் மற்றவர்களின் முதுகுப் பக்கமிருந்தே பார்த்துப் பழகியவன். அதிலும் வெலிக்கோவின் முதுகை நான் பார்த்த அளவுக்கு அவன் பெண்டாட்டிகூடப் பார்த்திருக்க மாட்டாள். நிலக்கரிச் சுரங்க ஊரின் கிளப்பில் ஒன்பது வருஷம் அவன் முன்னால் நின்று கோல் அடித்தான், நான் பின்னால் நின்று கோலைக் காத்தேன். பிறகு அவன் துருக்கிக்குப் போனான், சைப்ரஸுக்குப் போனான், முழங்கால் போனதும் நாட்டுக்குத் திரும்பி வந்து கோச் ஆனான். "டேய் டிங்கோ, கீப்பர் பசங்களைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும், கிளம்பி வா" என்று ஒரே வரியில் போனில் கூப்பிட்டான். நானும் போனேன். அன்றிலிருந்து பதினான்கு வருஷத்தில் பதின்மூன்று கிளப்.

எங்கள் நாட்டில் நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் கோச்சைத் துரத்துவார்கள். வெலிக்கோ இரண்டு தோற்றதுமே ராஜினாமாக் கடிதத்தை எழுதிவிடுவான். துரத்துவதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்பது அவன் கௌரவம். அவனுக்குக் கௌரவம், எனக்குப் பட்டினி. எந்த ஊரிலும் அவன் பெட்டியைப் பிரித்து அலமாரியில் துணி வைத்ததில்லை. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரி நிற்பான், நடப்பான், மறுபடி நிற்பான். அவனோடு ஒரு சூப் குடிக்க உட்கார்ந்தால் ஸ்பூனை எடுப்பதற்குள் எழுந்துவிடுவான்.

பதின்மூன்றாவது கிளப் ஸ்லாதிபோல். டான்யூப் நதியை ஒட்டிய சமவெளியில், திரும்பிய பக்கமெல்லாம் சூரியகாந்தி வயல்கள் உள்ள சின்ன ஊர். அங்கே எண்ணெய் ஆலை வைத்திருந்தவர்தான் கிளப்பின் தலைவர். இரண்டாம் டிவிஷனில் ஒட்டிக்கொண்டிருந்த அணி. கடைசி ஆட்டம் கமென் என்ற மலையூரில், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் டிவிஷனில் தங்குவோம். தோற்றால் கீழே போவோம். கீழே போனால் கிளப்பை இழுத்து மூடிவிடுவேன் என்று தலைவர் எங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

வெலிக்கோவுக்கு ஐம்பத்தேழு வயது. ஸ்லாதிபோல் கூப்பிடுவதற்கு முந்தின ஏழு மாதம் ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. சமையலறைக்கும் பால்கனிக்கும் இடையே அவன் நடந்த நடையில் கீழ்வீட்டுக்காரி போலீஸில் புகார் கொடுத்தாள். அவன் பெண்டாட்டி மகள் வீட்டுக்கு ஸ்பெயினுக்குப் போனவள் திரும்பவில்லை. "இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்டா. இனிமே என்னை ஸ்கூல் பசங்களுக்குக்கூட யாரும் கூப்பிட மாட்டான்" என்று அவனே என்னிடம் சொன்னான். அவனுக்கே வேலை இல்லை என்றால் எனக்கு எங்கே இருக்கப் போகிறது?

இப்போது பஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டத்துக்குப் போகிற டீம் பஸ் வழியில் பின்னால் போகக் கூடாது. ரிவர்ஸ் கியர் விழுந்தால் அன்றைக்குத் தோல்வி. எங்கள் கோச்சுகள் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு, டிரைவர்களும் தெரிந்து நடந்துகொள்வார்கள். மற்றவர்களுக்கு அது பயம், வெலிக்கோவுக்கு அது மதம். முன்பக்கமாக நுழைந்து முன்பக்கமாகவே வெளியேற வசதியுள்ள பெட்ரோல் பங்காகப் பார்க்க என்னை முதல் நாளே அனுப்புவான். ஒருமுறை ஒரு குறுகலான தெருவில் எவனோ காரை வழியில் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். பதினெட்டுப் பேர் இறங்கி அந்தக் காரை அலாக்காகத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டுப் போனோம். அன்றைக்கும் தோற்றோம். "தூக்கினதுல கால் களைச்சுப் போச்சு" என்றான்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கிளம்பினோம். துணி துவைக்கிற லில்யானா வழக்கம்போல பஸ் முன்னால் ஒரு வாளித் தண்ணீரைச் சாலையில் ஊற்றினாள், காரியம் தண்ணீர் போல ஓடட்டும் என்று. ஈரத்தின் மேல் ஏறி பஸ் போனது. பையன்கள் பின்சீட்டுகளில் சூரியகாந்தி விதை கொறித்தபடி சீட்டாடினார்கள். வெலிக்கோ நடைவழியில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தான்.

"பாஸ், கொஞ்சம் உட்காருங்க" என்றான் கேப்டன் ஆசென். "நீங்க நடக்கிற நடைக்கு எங்களுக்கு முன்னாடி கமென் போய்ச் சேர்ந்துடுவீங்க போல."

"உன் கார்னர் கிக்கைப் பத்திக் கவலைப்படு. போன வாரம் அடிச்சியே, பந்து பார்க்கிங்ல போய் விழுந்துச்சு."

"காத்து பாஸ்."

"காத்தாம். உன் பாட்டன் வீட்டுக் காத்து."

பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

மலையடிவாரத்தில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். முந்தின நாள் மழையில் கணவாய்ச் சாலையில் மண் சரிந்துவிட்டதாம். வலது பக்கம் காட்டு வழியாக ஒரு கிராமப் பாதை இருக்கிறது, ஓடைப் பாலத்தைத் தாண்டினால் மறுபடி மெயின் ரோட்டில் ஏறிவிடலாம் என்றார். டிரைவர் கிர்ச்சோ திருப்பினான். பாதை போகப் போக இளைத்தது. இரண்டு பக்கமும் ஓக் மரங்கள் கண்ணாடியை உரசின. வழியில் ஒரு குழாயடி வந்தது. கல்லில் கட்டிய, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிற குழாயடி, பக்கத்தில் கொஞ்சம் வெட்டவெளி. அதைத் தாண்டி அரை கிலோமீட்டர் போனதும் கிர்ச்சோ பிரேக் போட்டான்.

பாலம் இருந்தது, நடுப்பகுதி இல்லை. ஓடை அதைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.

கிர்ச்சோ எஞ்சினை அணைத்தான். மணி மூன்று ஐம்பது.

நிலைமை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பஸ்ஸை அங்கே திருப்ப முடியாது. குழாயடி வெட்டவெளி வரைக்கும் அரை கிலோமீட்டர் பின்னால் போய், அங்கே திருப்பி, வந்த வழியே இறங்கி, மலையை மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டு மணி நேரம். கடைசிச் சுற்று என்பதால் எல்லா ஊரிலும் ஆட்டம் ஒரே நேரத்தில் ஆரம்பிக்க வேண்டும். கால் மணி நேரம் வரை ரெஃபரி காத்திருப்பார். அதற்குள் போய்ச் சேராவிட்டால் மூன்றுக்குச் சுழியத்தில் நாங்கள் தோற்றதாக எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

வெலிக்கோ இறங்கிப் பாதையின் அகலத்தைக் காலடியால் அளந்தான். பத்து அடி வைத்தான். மறுபடி அளந்தான். பத்தேதான்.

"கோடாரி இருக்கா?"

"எதுக்கு பாஸ்?" என்றான் கிர்ச்சோ.

"இந்த மரத்தையும் அந்த மரத்தையும் வெட்டினா திருப்பலாம்."

"அதை வெட்டி முடிக்கிறதுக்குள்ள அடுத்த சீசன் வந்துடும்."

அவன் ஓடைப் பக்கம் ஓடினான். சாமான் பார்த்துக்கொள்கிற ஸ்பாஸைத் தண்ணீரில் இறங்கச் சொன்னான். பாவம், அவனும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். நான்கு எட்டில் தண்ணீர் மார்புக்கு வந்து ஆளைச் சாய்த்தது. இரண்டு பேர் கை கொடுத்து இழுத்தார்கள்.

"எல்லாரும் ஷூவைக் கழட்டுங்க" என்று கத்தினான் வெலிக்கோ. "கையைக் கோத்துக்கிட்டு இறங்குறோம். அந்தப் பக்கம் கிராமத்துல ஏதாவது வண்டி பிடிச்சுக்கலாம்."

ஒருவனும் அசையவில்லை. ஆசென் மட்டும் முன்னால் வந்தான்.

"பாஸ், ஆத்துல குதிச்சு சிலுவை எடுக்கிறதெல்லாம் ஜனவரித் திருவிழாவுல, பாதிரியார் அதைத் தண்ணியில வீசும்போது. இது மே மாசம். நான் இறங்க மாட்டேன், இவனுங்களையும் இறங்க விட மாட்டேன். பஸ்ஸைப் பின்னாடி எடுக்கச் சொல்லுங்க."

"முடியாது."

"அப்ப நீங்க சொல்ல வேணாம். கிர்ச்சோ அண்ணே, நீங்க எடுங்க."

கிர்ச்சோ சாவியைப் பிடுங்கி பானெட்டின் மேல் வைத்தான். "நானா? நல்லா இருக்கே கதை. நான் பின்னாடி எடுத்து, இன்னைக்குத் தோத்தா, ஊர்ல என் வீட்டு ஜன்னல் ஒண்ணு மிஞ்சுமா? என் பொண்டாட்டி ரொட்டி வாங்கக்கூட வெளியே போக முடியாது. பாஸ் வாயால சொல்லட்டும், எடுக்கிறேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருபத்திரண்டு பேர் காட்டுக்குள் நிற்கிறோம், நேரம் கரைகிறது, இந்த மனுஷன் ஒரு கியருக்குப் பயந்து பையன்களை வெள்ளத்தில் இறக்கப் பார்க்கிறான். அவன் கையைப் பிடித்து ஓடைக்கரை வழியாகத் தள்ளிக்கொண்டு போனேன். மற்றவர்களுக்குக் கேட்காத தூரம் வந்ததும் கொட்டிவிட்டேன்.

"பெரிய கோச்சாம் கோச். தொடை நடுங்கி. பஸ் பின்னாடி போனா பந்துக்குத் தெரியுமாடா? பதினாலு வருஷமா உன் பைத்தியத்துக்குத் தாளம் போட்டு என் தலைமுடி கொட்டிப்போச்சு. இதை நிஜமாவே நம்புறியா நீ?"

"நம்பணும்" என்றான்.

"நம்பணும்னா என்னடா அர்த்தம்?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "ட்ரிஃபோன் அண்ணனை ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் இருக்குமா? சுரங்க ஊர் கிளப்பில் எங்கள் பஸ் டிரைவர். பாக்கெட் நிறைய வால்நட் வைத்திருப்பார், சிக்னலில் நிற்கும்போது உள்ளங்கையாலேயே உடைத்து எங்களுக்குக் கொடுப்பார். தொண்ணூற்றொன்றில் கோப்பை அரையிறுதிக்குப் போகும்போது பெட்ரோல் பங்கில் ஒரு லாரிக்கு வழிவிட இரண்டு மீட்டர் பின்னால் எடுத்தார். அன்றைக்குக் கடைசி நிமிஷத்தில் எங்களுக்குப் பெனால்ட்டி கிடைத்தது. வெலிக்கோ அடித்தான், எதிரணி கீப்பர் பிடித்தான், நாங்கள் வெளியே போனோம். அடுத்த வாரம் ட்ரிஃபோனை வேலையை விட்டுத் துரத்தினார்கள். ஐம்பத்திரண்டு வயதில் சுரங்க யார்டில் நிலக்கரி அள்ளப் போனார்.

"அந்தப் பெனால்ட்டிக்கு முன்னாடி நீ கோலை விட்டுட்டு என்கிட்ட ஓடி வந்தியே. என்ன சொன்ன?"

மறந்தால்தானே. எதிரணி கீப்பர் ராணுவ டீமில் என்னோடு இரண்டு வருஷம் இருந்தவன். 'அவன் எப்பவும் வலது பக்கம்தான் பாய்வான், நீ அந்தப் பக்கத்தை விட்டுட்டு அடி' என்று வெலிக்கோவின் காதில் சொன்னேன். அவன் நான் சொன்னபடி அடித்தான். கீப்பர் அன்றைக்கு இடது பக்கம் பாய்ந்தான். வெலிக்கோ அதை மறந்துவிட்டான், அல்லது என் பேச்சைக் கேட்கவே இல்லை என்று இத்தனை வருஷமாக என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

"அன்னைக்கு ஆட்டத்துல உன் புருவம் கிழிஞ்சிருந்துச்சு" என்றான் வெலிக்கோ. "முடிஞ்ச கையோட தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போயிட்ட. கிளப் டைரக்டர் டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள வந்தாரு. முந்தின சாயங்காலம் நீயும் அந்த கீப்பரும் ஒரே மேசையில பீர் குடிச்சதை எவனோ போட்டுக் கொடுத்துட்டான். 'டிங்கோ ஆட்டத்தை வித்துட்டான், அவன் உன் காதுல என்ன ஓதினான் சொல்லு'ன்னு என் சட்டையைப் பிடிச்சாரு. நிஜத்தைச் சொல்லியிருந்தா அன்னைக்கே நீ காலி. ஆட்டம் மட்டும் இல்ல, கம்பி எண்ணியிருப்ப."

"நீ என்ன சொன்ன?"

"வாயில வந்ததைச் சொன்னேன். ட்ரிஃபோன் பஸ்ஸைப் பின்னாடி எடுத்தாரு, அப்பவே எனக்குக் கால் நடுங்குச்சு, அதான் விட்டுட்டேன்னு சொன்னேன். டைரக்டர் சுரங்கக்காரர்டா. குழிக்குள்ள எவனாவது விசிலடிச்சா அபசகுனம்னு அன்னைக்கு வேலையையே நிறுத்துற ஆளு. அப்படியே பிடிச்சுக்கிட்டாரு. திட்டுவாங்க, அதோட விட்டுடுவாங்கன்னுதான் நினைச்சேன்."

அவன் கரைக்கல் ஒன்றைக் காலால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த விதி நிஜம்னா, அவர் தப்புப் பண்ணினார், தண்டனை வாங்கினார். சரி, போகட்டும். பொய்னா? பொய்னா நான் யாரு? ஒரு அப்பாவியோட சோத்துல மண்ணைப் போட்டவன். அதான் நம்பணும்னேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நம்பிக்கிட்டே இருக்கணும்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா உன் முகத்தை நீ கண்ணாடியில பார்ப்பியா?"

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கம்தான் வந்தது. எனக்காகச் சொன்ன பொய்யை இந்த ஆள் பதின்மூன்று ஊருக்கும் சுமந்துகொண்டு போயிருக்கிறான், நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவனைப் பைத்தியம் என்று கேலி செய்திருக்கிறேன்.

"வெலிக்கோ" என்றேன். "இந்தப் பசங்க என்னடா பண்ணினாங்க?"

மேலே பாதையில் பையன்கள் பஸ்ஸின் நிழலில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஸ்பாஸ் ஈரச்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். ஆசெனுக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கப் போகிறது, கிளப் மூடினால் அவன் ஜெர்மனிக்கு அஸ்பாரகஸ் தண்டு அறுக்கிற கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். வெலிக்கோ அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கரையேறி நேராக கிர்ச்சோவிடம் போனான்.

"பின்னாடி எடு."

"சத்தமா சொல்லுங்க பாஸ். எல்லார் காதுலயும் விழணும். நாளைக்கு எவனும் என்னைக் கை காட்டக் கூடாது."

வெலிக்கோ மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினான். "நான் சொல்றேன்! வெலிக்கோ சொல்றேன், பஸ்ஸைப் பின்னாடி எடு! தோத்தா நான் தோத்தேன், கிர்ச்சோ இல்ல!"

இரண்டு மூன்று பையன்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வெலிக்கோ பஸ்ஸின் பின்னால் போய் நின்று, கிர்ச்சோவின் கண்ணாடியில் தெரியும்படி கையை ஆட்டினான். "வா, வா, வா... இடது ஒடி... வா." அரை கிலோமீட்டரும் அப்படியே நடந்தான். குழாயடி வந்தபோது அவன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மணி நாலு இருபத்தொன்று.

அதற்கப்புறம் கிர்ச்சோ ஓட்டிய ஓட்டத்தை நான் என் எதிரிக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். வளைவுகளில் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டே ஜெர்சி மாட்டினார்கள், ஷூ லேஸ் கட்டினார்கள். ஆறு மணி பதினொரு நிமிஷத்துக்கு பஸ் கமென் மைதானத்து வாசலில் நின்றது. ரெஃபரி கையில் கடிகாரத்தோடு நடு வட்டத்தில் நின்றிருந்தார். எங்கள் பதினொரு பேர் நேராகப் பஸ்ஸிலிருந்து புல்லுக்கு ஓடினார்கள்.

உடம்பு சூடாகாத கால்களோடு என்ன ஆடுவார்கள்? ஒன்பதாவது நிமிஷத்தில் கோல் வாங்கினோம். கமென்காரர்கள் மத்தளம் அடித்தார்கள். எங்கள் தலைவர் தன் காரில் முன்பே வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தார். பஸ் பின்னால் போன விஷயம் யார் மூலமோ அவர் காதுக்குப் போய்விட்டது. இடைவேளையில் இறங்கி வந்து, "எந்த மடையன் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னான்?" என்றார். "நான்தான்" என்றான் வெலிக்கோ. அவர் திரும்பி மேலே போனார்.

இரண்டாம் பாதி முழுக்க வெலிக்கோ கோட்டோரம் நடந்தான். எண்பத்து மூன்றாவது நிமிஷத்தில் ஆசென் கார்னர் அடித்தான். அது பார்க்கிங் பக்கம் போகவில்லை. கூட்டத்தில் யார் தலையிலோ பட்டு, யார் முழங்காலிலோ பட்டு, எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவனின் கெண்டைக்காலில் பட்டு உள்ளே போனது. அவனுக்கே தெரியவில்லை, திரும்பி நின்றிருந்தான். ஒன்றுக்கு ஒன்று. மீதி நேரம் என் கீப்பர் பையன் இரண்டு பந்துகளை நகத்தால் தள்ளி வெளியே விட்டான். ரெஃபரி விசில் ஊதினார். ஒரு புள்ளி கிடைத்துவிட்டது, கிளப் பிழைத்துவிட்டது.

பையன்கள் ஒருவன் மேல் ஒருவன் விழுந்து குவிந்தார்கள். தலைவர் எண்ணெய் ஆலை முதலாளி என்பதை மறந்து சேற்றில் முழங்கால் போட்டார், பிறகு வந்து வெலிக்கோவைக் கட்டிப்பிடித்து அடுத்த இரண்டு வருஷத்துக்கும் நீதான் என்றார். வெலிக்கோ தலையாட்டினான். யாரோ இறந்த செய்தியைக் கேட்டவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

திரும்பும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. பஸ் கூரையைக் கையால் தட்டித் தட்டிப் பாடினார்கள். கிர்ச்சோவை "ரிவர்ஸ் மன்னன்" என்று கூப்பிட்டு ராகியா சாராய பாட்டிலை நீட்டினார்கள், அவன் வண்டி ஓட்டுகிறேன் என்று ஸ்பாஸிடம் தள்ளினான். நான் வெலிக்கோ பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பின்னாடி போனோம்" என்றான் அவன். "போயும் தோக்கல."

"ஆமா."

"அப்ப அந்த மனுஷன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"அவர் எங்க இருக்காருன்னு தெரியுமாடா? நான் போய்ப் பார்க்கணும். நாளைக்கே."

இதைத்தான் பயந்துகொண்டிருந்தேன். பொய் சொல்ல வாய் துடித்தது, போதும் என்று தோன்றியது.

"செத்துட்டாருடா. ஆறு வருஷம் ஆச்சு. நான் அடக்கத்துக்குப் போனேன். நீ அப்ப பர்காஸ் பக்கம் புது கிளப்ல சேர்ந்த மூணாவது நாள்."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "மாட்டேன்" என்றான். பிறகு, "அவங்க வீட்டம்மா?" என்று கேட்டான்.

"இருக்காங்க. அதே வீடு."

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் காரில் சுரங்க ஊருக்குப் போனோம். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. ட்ரிஃபோன் வீட்டுக் கதவில், படத்தோடு அச்சடித்த நினைவுநாள் தாள் ஒட்டியிருந்தது. 'நீங்கள் இல்லாத ஆறு வருஷம்' என்று எழுதியிருந்தது. வெலிக்கோ அதைப் படித்துக்கொண்டே நின்றான். நான்தான் கதவைத் தட்டினேன்.

அவர் பெண்டாட்டி ஸ்டோய்னா அக்கா திறந்தாள். எண்பதை நெருங்கிய உடம்பு, ஆனால் கண் கூர்மை. என்னைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நீ அந்தப் பெனால்ட்டி அடிச்ச தம்பிதானே?"

வெலிக்கோ தலையாட்டினான்.

"வந்துட்டியா, நல்லவேளை. அவர் உன்னைப் பார்க்கணும்னு எத்தனை தடவை சொன்னார் தெரியுமா? டிவியில நீ எந்த ஊரையாவது விட்டுப் போயிட்டன்னு சொன்னா அன்னைக்குச் சோறு இறங்காது மனுஷனுக்கு. 'நான் ரெண்டு மீட்டர் பின்னாடி எடுத்தேன் ஸ்டோய்னா, அந்தப் புள்ளையோட வாழ்க்கையையே கெடுத்துட்டேன், அவன் ஒரு இடத்துல நிக்க முடியாம அலையுறதுக்கு நான்தான் காரணம்'னு சொல்லிச் சொல்லி அழுவார். உன்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லிட்டுத்தான் போனார். அவருக்காக நான் கேக்கிறேன் தம்பி, மன்னிச்சுடு."

வெலிக்கோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அவன் எனக்காக ஒருமுறை பேசியது போதும், இந்த முறை என் வாய்தான் முதலில் திறக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"அக்கா, அது பஸ் இல்ல" என்றேன். "எந்தப் பக்கம் அடிக்கணும்னு அவனுக்குத் தப்பாச் சொன்னது நான். என்னைக் காப்பாத்தத்தான் இவன் ட்ரிஃபோன் அண்ணன் பேரைச் சொல்லிட்டான். அண்ணன் ஒரு தப்பும் பண்ணல."

அவள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், கதவைச் சாத்துவாள் என்றும் நினைத்தேன். சாத்தவில்லை. உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த ட்ரிஃபோனின் படத்துக்கு எதிரே இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள். "உட்காருங்க. அவர்கிட்ட சொல்லுங்க."